கிராசிங் என்றால் எது?

ஜூன் 3, காட்பாடி

அக்னி நட்சத்திரம் முடிந்தும் குவார்ட்டர்ஸ் சுவர் அனல் கக்குகிறது. ரயில்வே துறைத் தேர்வுக்காக, வண்டி ஓட்டத்துக்கான 1976ஆம் ஆண்டு பொது விதிகளை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். தமிழ்வழியில் படித்த பாயின்ட்ஸ்மேன் நான்; வண்டியைத் தடம் மாற்றிவிடும் ‘பாயின்ட்’டைக் கவனிப்பவன். ‘இன்டர்லாக்கிங்’ போன்ற சொற்கள் மிரட்டவில்லை, தினமும் புழங்குபவைதானே. காலை வாருபவை பள்ளிக்கூடத்துச் சின்னச் சொற்கள்.

‘அப்ஸ்ட்ரக்ஷன்’, அதாவது தடை என்றதும் பாதையில் சாய்ந்த மரம், படுத்த எருமை என்று நினைப்போம். விதிநூலின் பட்டியலில் முதலில் நிற்பது ரயிலே! யோசித்தால் நியாயம்தான். பின்னால் வரும் வண்டிக்கு, முன்னால் நிற்கும் வண்டியைவிடப் பெரிய தடை எது?

ஜூன் 5

‘அடிக்குவேட் டிஸ்டன்ஸ்’: பாதுகாப்புக்குப் போதுமான தூரமாம். இதை எழுதிய புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. பல பக்கம் தள்ளித்தான் கணக்கு வருகிறது. பின் நிலையத்திலிருந்து வண்டியை அனுப்ப அனுமதி (‘லைன் கிளியர்’) கொடுக்க, நம் நிலையத்தின் முதல் நிறுத்த சிக்னலைத் தாண்டியும் பாதை காலியாக இருக்க வேண்டும்: இரண்டுக்கு மேற்பட்ட குறிப்புகள் காட்டும் பல நிலை சிக்னலானால் 180 மீட்டர், இரு நிலை சிக்னலானால் 400 மீட்டர்.

ஜூன் 6

‘பகல்’ என்பதற்கும் விளக்கம் உண்டு: சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை. கடிகாரத்துக்கு இங்கே வேலை இல்லை.

ஜூன் 8, வாலாஜா

மாமா ஓய்வுபெற்ற கீமேன்; தண்டவாளத்தை நடந்தே சோதித்தவர். 1856இல் ராயபுரத்திலிருந்து போட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை தன் ஊர் வரை வந்தது என்பதில் அவருக்குத் தீராத பெருமை. “அந்தச் சொற்களும் இங்கேதான் வந்து இறங்கின, மாப்பிள்ளை!”

‘கிராசிங்’ பற்றிக் கேட்டேன். அவருக்கு அது பாயின்ட்டில் சக்கரம் ஒரு தண்டவாளத்தைக் கடந்து போகும் கூர்முனை இரும்பு. தேய்மானம் பார்த்துப் பார்த்துப் பழகியது. அத்தைக்கோ ரயில்வே கேட். எனக்கு, விழுப்புரம் ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில் விலகிக்கொள்வது. மூன்றுமே சரி. ஆனால் ஒரே திசையில் வரும் விரைவு வண்டிக்காகப் பாசஞ்சரை ஓரம் கட்டினால் அது கிராசிங் இல்லை, ‘பிரிசிடன்ஸ்’, அதாவது முன்னுரிமை. பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டையும் கிராசிங் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் தேர்வு எழுதப்போவதில்லை.

ஜூன் 10

உதவுமென்று ஓர் அமெரிக்கக் காணொளி பார்த்தேன். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பருக்கு அங்கே பெயர் ‘டை’, பாயின்ட்டுக்கு ‘சுவிட்ச்’, மாமாவின் கூர்முனை இரும்புக்கு ‘ஃபிராக்’, அதாவது தவளை. தேர்வு முடியும்வரை அந்தப் பக்கம் போவதாக இல்லை.

‘பிக்ஸ்ட் சிக்னல்’, அதாவது நிலையான சிக்னல், மட்டும் இன்னும் உறுத்துகிறது. கம்பத்தில் கை போன்ற பலகை ஏறி இறங்கும் சிக்னலுக்கும் அதே பெயர். நிலையாக இருப்பது அதன் இடம்தானாம். அடுத்து வருவது கொடிகள். பச்சையை அசைக்காமல் பிடித்தால் போகலாம். மேலும் கீழுமாக மெல்ல அசைத்தால் எச்சரிக்கையோடு போக வேண்டும். இதில் எனக்குப் பாடம் எடுக்க அந்த நூலால் முடியாது.