எல்லோரும் ஹைன்ரிக்: ராய்ஸ் வம்சத்தின் எண் கணக்கு

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், 1918 வரை, ராய்ஸ் என்ற ஒரே குடும்பம் இரண்டு சிற்றரசுகளை ஆண்டுவந்தது. கிரைட்ஸைத் தலைநகராகக் கொண்ட மூத்த கிளையின் நாடு சுமார் 316 சதுர கிலோமீட்டர். கேராவிலிருந்து ஆண்ட இளைய கிளையின் நாடு சுமார் 827 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய நாடுகளை வரலாற்று ஆர்வலர்கள் நினைவில் வைத்திருப்பதற்கு ஒரு விசித்திரமான வழக்கமே காரணம். குடும்பத்தில் பிறக்கும் ஆண்கள் அனைவருக்கும் பெயர் ஹைன்ரிக்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தங்கள் முன்னோரை ஆதரித்த பேரரசர் ஆறாம் ஹைன்ரிக்குக்கு நன்றியாக இப்பெயர் ஏற்கப்பட்டது என்பது குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. மற்ற அரச குடும்பங்களில் அரியணை ஏறியவருக்கு மட்டுமே எண் உண்டு. இங்கோ பிறந்த ஒவ்வோர் ஆணுக்கும், ஆண்டாலும் ஆளாவிட்டாலும், தொட்டிலிலேயே இறந்துபோனாலும், எண் உண்டு. மூத்த கிளை நூறு வரை எண்ணிய பிறகே மீண்டும் ஒன்றுக்குத் திரும்புவதென்று வைத்துக்கொண்டது. இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டிலும் எண்ணைப் புதிதாகத் தொடங்கியது. ஆகவே இளைய கிளையில் 1854 முதல் 1867 வரை ஆண்டவர் 67ஆம் ஹைன்ரிக். 1832இல் பிறந்து அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகன் 14ஆம் ஹைன்ரிக். பேரன் 27ஆம் ஹைன்ரிக். அரசர் வரிசையாக எண்ணித் தலைசுற்றுகிறவர்கள் இதைப் பிறப்புப் பதிவேடாகப் படித்தால் குழப்பம் தீரும்.

இவர்களில் என்னை மிகவும் கவர்ந்தவர் கிரைட்ஸின் 22ஆம் ஹைன்ரிக். பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே நடந்த 1866 போரில், அவருக்காக ஆட்சிப் பொறுப்பை வகித்த தாய் கரோலினே ஆஸ்திரியாவின் பக்கம் நின்றதால், பிரஷ்யப் படைகள் கிரைட்ஸுக்குள் நுழைந்தன. மறு ஆண்டு ஆட்சியை ஏற்ற மகன் அதை மன்னிக்கவே இல்லை. ஜெர்மானியப் பேரரசு உருவான பின்பும், கூட்டாட்சி மன்றத்தில் தமக்கிருந்த ஒரே வாக்கைக் கொண்டு, உரிமையியல் திருமணச் சட்டம் உள்ளிட்ட, பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் திட்டங்களை அவர் எதிர்த்து வந்தார். அந்த வாக்கால் பேரரசின் போக்கு மாறிவிடவில்லை. அது தெரிந்தும் பிடிவாதத்தைக் கைவிடாததுதான் அவருடைய தனித்தன்மை.

குடும்பத்துப் பெண்களுக்கு இந்தப் பெயர்க் கட்டுப்பாடு கிடையாது. என் பார்வையில், ஆண்களைவிட அவர்களே ஐரோப்பிய வரலாற்றில் பெரிய இடம் பெற்றார்கள். இளைய கிளையின் உட்பிரிவான எபர்ஸ்டார்ஃப் கிளையில் பிறந்த அகுஸ்டா, பெல்ஜியத்தின் முதல் அரசர் லெயோபோல்டின் தாய். விக்டோரியா அரசிக்கும் அவர் கணவர் ஆல்பர்ட்டுக்கும் பாட்டி. இளைய கிளையின் இன்னோர் உட்பிரிவான கோஸ்ட்ரிட்ஸ் கிளையின் எலியோனோரே 1908இல் பல்கேரிய மன்னரை மணந்து, பால்கன் போர்களிலும் முதல் உலகப் போரிலும் செவிலியராகப் பணியாற்றினார். பிரஷ்யாவை வாழ்நாள் முழுவதும் வெறுத்த 22ஆம் ஹைன்ரிக்கின் மகள் ஹெர்மினேயோ, முடியிழந்து நெதர்லாந்தில் வாழ்ந்த ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை, பிரஷ்யாவின் அதே ஹோஹென்ஸோலர்ன் குடும்பத்தவரை, 1922இல் மறுமணம் செய்துகொண்டார். தந்தை அதற்கு 20 ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார்.

ஹெர்மினேயின் சகோதரர் 24ஆம் ஹைன்ரிக் உடலும் மனமும் நலிந்திருந்ததால், அவர் பெயரில் கேராவின் உறவினர்களே கிரைட்ஸை ஆண்டார்கள். 1918 நவம்பர் புரட்சியோடு இரண்டு அரியணைகளும் போயின. 1920இல் நிலப்பகுதி துரிங்கியா மாநிலத்தில் இணைந்தது. 1927இல் 24ஆம் ஹைன்ரிக் இறந்தபோது, நூறு வரை போக வேண்டிய மூத்த கிளையின் எண்ணிக்கை 24இலேயே முடிந்தது. கோஸ்ட்ரிட்ஸ் கிளையில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு இன்றும் ஹைன்ரிக் என்ற பெயரும் ஓர் எண்ணும் கிடைக்கின்றன.