பேனருக்குப் பின்னால் இருந்த பலகை

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். விடியற்காலையில் வேலந்தாவளம் சந்தையில் காய்கறி ஏற்றி, நாலைந்து டவுன்களில் கடை கடையாக இறக்குவது தொழில். வண்டி குட்டியானை. போன உற்சவ சமயத்தில் இந்த வண்டியின் பேரில் ஒரே வாரத்தில் இரண்டு சலான் விழுந்தன. இரண்டும் ஒரே கடைத்தெருவில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதாக. ஒவ்வொன்றும் 250 ரூபாய். ஒன்றை ரத்து செய்ய வைத்தேன், ஒன்றைக் கட்டினேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரி தெரு எல்லா டவுனிலும் இருக்கிறது.

குறுஞ்செய்தி என் போனுக்கு வரவே இல்லை. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர். அப்பா மெசேஜ் பார்க்கிற ஆள் இல்லை. ஒன்பதாம் நாள் மச்சான்தான் தற்செயலாக அந்த போனில் பார்த்துவிட்டுச் சொன்னான். முதலில் நான் நம்பவில்லை. சலான் என்று சொல்லி வாட்ஸப்பில் ஒரு ஃபைலை அனுப்பி, அதைத் தொட்டதும் வங்கிக் கணக்கைத் துடைக்கிற கும்பல் இருக்கிறது. அதனால் மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல், பரிவாகன் இ-சலான் தளத்தை நானே தேடித் திறந்தேன். வண்டி நம்பரும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தும் போட்டால் நிலுவை தெரிந்துவிடும். உண்மையான சலான்தான்.

உங்கள் ஆர்சியில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எனக்கு ஒன்பது நாள் அதில்தான் போனது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல், விதிமீறலைத் தானாகப் படம் பிடிக்கிற ஏஐ கேமராவின் அபராதம் தொடங்கியபோதே, ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் மாவட்ட அமலாக்க ஆர்டிஓவிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு மிச்சம் ஐந்து நாள்.

"ஐந்நூறு ரூபாய்க்கு ரெண்டு நாள் பிழைப்பைக் கெடுத்துக்கணுமா, கட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. சந்தையில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் அதே தெருவுக்குப் போகிறவன் நான். தப்பே செய்யாமல் இன்றைக்குக் கட்டினால் அடுத்த வாரமும் கட்ட வேண்டியிருக்கும்.

சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கம், நம்பர், காலை 8.42 மணி. படத்தின் வலது ஓரத்தில் ஒரு மின்கம்பம். அதில் சிவப்பாக ஏதோ தொங்குகிறது. இன்னும் பெரிதாக்கினால் யானையின் நெற்றிப்பட்டம், மஞ்சள் எழுத்தில் பாதிப் பெயர். கோயில் உற்சவ பேனர். அது தொங்குகிற இடத்துக்குப் பின்னால்தான் நோ பார்க்கிங் பலகை இருக்கிறது என்பது அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் காலை அதே எட்டரைக்கு அங்கே போனேன். உற்சவம் முடிந்தால் பேனரை அவிழ்த்துவிடுவார்கள், அப்புறம் என் பேச்சுக்குச் சாட்சியே இருக்காது. தெரு தொடக்கத்தில் நீலச் சதுரப் பலகை, ‘பி’ எழுத்து. அதன் கீழே மலையாளத்தில் காலை 6 முதல் 10 வரை சரக்கு இறக்கலாம் என்று எழுதி, தெருவுக்குள் காட்டுகிற ஒரு அம்பு. அதிலிருந்து என் காலடியில் முப்பத்திரண்டு தப்படி தள்ளி அந்த மின்கம்பம். பேனரை ஒதுக்கிப் பார்த்தால் வட்டப் பலகை: நீலம், சிவப்பு வளையம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே இரண்டு பக்கமும் காட்டுகிற அம்பு. அதாவது முதல் பலகை இங்கிருந்து உள்ளே நிறுத்தலாம் என்கிறது. இரண்டாவது பலகை இரண்டு பக்கமும் கூடாது என்கிறது. நான் நிறுத்தியது இரண்டுக்கும் நடுவில்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து, கண் மட்டத்தில் படம் எடுத்தேன். நின்றுகொண்டு கிட்டப் போய் எடுத்தால் பலகை தெரிகிற மாதிரி வந்துவிடும். வண்டியை மெதுவாக ஓட்ட, மச்சான் தெரு முனையிலிருந்து கம்பம் வரை ஒரே வீடியோவாக எடுத்தான். பேனரைத் தொடாமல் ஒரு படம், ஒதுக்கி ஒரு படம். எல்லாவற்றிலும் தேதியும் நேரமும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மனுவை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் எழுதித் தந்தார், நாங்கள் மாஷ் என்போம். கோபத்தையெல்லாம் வெட்டிவிட்டார். "நீ கஷ்டப்படுகிறவன் என்பது அவருக்கு வேண்டாம்ப்பா. பலகை தெரியவில்லை என்பது மட்டும்தான் வேண்டும்" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இரண்டு பிரிவுகளைக் காட்டினார். 119-ஆம் பிரிவு, ஓட்டுநர் கட்டாயப் பலகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. 116-ஆம் பிரிவோ, போக்குவரத்துப் பலகையை மறைக்கிற விளம்பரத்தை அகற்றும் அதிகாரத்தைக் காவல்துறை உயரதிகாரிக்குக் கொடுக்க மாநில அரசுக்கு இடம் தந்திருக்கிறது. பலகை மறைந்துபோகும், அது தவறு என்று சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. எனக்குப் பலம் கொடுத்த வரி அதுதான்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் ஒரு பேச்சானது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இன்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மலையாளம் எழுத வராது என்பதற்காகவே மனு போடாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். நான் தமிழில் கொடுத்தேன். நாள் குறைவாக இருந்ததால், மாஷின் பேத்தி எழுதிய மலையாள மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்தேன். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். அது இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

இரண்டாவது சலானைப் பற்றி மனுவில் ஒரு வார்த்தைகூட இல்லை. அது காலை 10.20-க்கு விழுந்தது. கடைக்காரர் தாமதமாகத் திறந்தார், நான் காத்திருந்தேன். நேரம் தாண்டிவிட்டது, அது என் தப்பு. இரண்டையும் சேர்த்துச் சண்டை போட்டிருந்தால் நல்ல வழக்கும் கெட்டிருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஈ பேனர் ஆரா கெட்டியே?" என்று கேட்டார். தெரியாது சார், உற்சவத்துக்குக் கட்டியது என்றேன். அப்புறம் அவரே தன் கம்ப்யூட்டரில் சலான் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். நெற்றிப்பட்டம் வந்ததும் நிறுத்தி, என் போனை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் எடுத்த படத்தை மட்டும் காட்டியிருந்தால், பேனர் பிறகு வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் கேமராவிலேயே அது இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரத்தில் தளத்தில் அந்தச் சலான் காணவில்லை. மற்றதை அன்றைக்கே கட்டிவிட்டேன்.

கட்டாமலும் கேட்காமலும் விட்டிருந்தால், சலான் இணையத்திலேயே நடக்கிற மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அங்கேயும் வழக்காடுகிறேன் என்று தேர்வு செய்திருக்கலாம். ஆனால் அதோடு வழக்கு நேரடி நீதிமன்றத்துக்கு மாறியிருக்கும், வாய்தாவுக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். எங்களைப் போல நாள் கூலிக்கு ஓடுகிறவர்களுக்கு அப்போது அந்த முதல் 14 நாள்தான் கையில் இருந்தது.

இரண்டு வாரம் முன்பு சரக்கோடு அதே தெருவுக்குப் போனேன். பேனர் இல்லை. கம்பத்தில் கயிறு மட்டும் முடிச்சோடு தொங்குகிறது. வட்டப் பலகை இப்போது நன்றாகத் தெரிகிறது, கீழே இருபக்க அம்பும் அப்படியே இருக்கிறது. அன்று காலை அந்த இடத்தில் இரண்டு வண்டிகள் நின்றிருந்தன, ஒன்று தமிழ்நாட்டு நம்பர். அந்த அம்பை மாற்றச் சொல்லி நகரசபைக்கு எழுதிய மனு வண்டியில் இருக்கிறது. திங்கட்கிழமை இறக்கி முடித்ததும் கொடுக்கப் போகிறேன்.