மாமா கடை சீரியல் பிரிண்டர்: ஒரு வார நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

நேத்துதான் நோன்பு ஆரம்பம், பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுல மாமாவோட மசாலாக் கடைக்கு நாசி கண்டார் (சோறு, கறிக்குழம்பு) கடைங்கள்லருந்து ஆர்டர் மேல ஆர்டர், இந்த நேரம் பாத்து பில் பிரிண்டர் மக்கர் பண்ணுது. முன்னாடி கல்லாவுல 486ன்னு பழைய கம்ப்யூட்டர், அதுல ஓடுறது விண்டோஸ் இல்ல, கட்டளை தட்டுற டாஸ் 6.22. பின்னாடி ஸ்டோர்ல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் (ரிப்பன்ல ஊசியால தட்டி அடிக்கிறது), நடுவுல பத்து மீட்டர் கேபிள். அவ்ளோ தூரத்துக்கு பேரலல் கேபிள (எட்டு பிட்டையும் ஒரே நேரத்துல அனுப்புறது) நம்ப முடியாது, அதான் அப்பவே சீரியல் (ஒரே கம்பியில ஒவ்வொரு பிட்டா அனுப்புறது) போட்டிருக்காங்க. பழைய கேபிள எலி கடிச்சிருச்சு, போன வாரம் ஒருத்தர் புதுசு செஞ்சு மாட்டிட்டுப் போனாரு, அதுலருந்து பேப்பர் முழுக்க கிறுக்கல்தான். "புதுசு வாங்குங்க மாமா"ன்னு சொல்ல மனசு வரல, மூணு காப்பி கார்பன் பில்லு லேசர்ல வராது.

4 மார்ச், செவ்வாய்

எழுத்தே இல்லாம கிறுக்கலா வந்தா மொதல்ல ஸ்பீடு பாக்கணும். கம்ப்யூட்டர் நொடிக்கு 9600 பிட் வேகத்துல அனுப்புது, பிரிண்டர் டிப் சுவிட்ச் (ஸ்பீட மாத்துற குட்டி சுவிட்ச்) 1200ல நிக்குது. மாத்தி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் (ஆன் ஆகும்போது மட்டுந்தான் அது சுவிட்ச்ச படிக்கும்). சின்ன பில்லு அச்சு மாதிரி வந்துச்சு. சாயங்காலம் ஸ்டாக் லிஸ்ட் போட்டா பாதிக்கு மேல வரிவரியா காணோம், சீரகம் இருக்கு, அதோட எடை இல்ல. எனக்கு அதுதான் பயம், கிறுக்கல்னா கண்ணுக்குத் தெரியும், விட்டுப்போன வரி தெரியாது, தப்புக் கணக்கு அப்படியே போயிரும்.

6 மார்ச், வியாழன்

கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு எழுத்துக்கு 10 பிட், அப்ப 9600ல நொடிக்கு 960 எழுத்து போகுது. இந்த பிரிண்டர் அடிக்கிறதே நொடிக்கு 200 தான், மிச்சம் பஃபர்ல (பிரிண்டரோட தற்காலிக மெமரி) சேரும், பஃபர் ரொம்புனா பிரிண்டர் "போதும் நிறுத்து"ன்னு சொல்லணும், அத கம்ப்யூட்டர் கேக்கணும். ரெண்டு பக்கமும் 300க்கு எறக்குனேன், நொடிக்கு 30 எழுத்துதான், ஒரு எழுத்துகூட தவறல! ஆக கோளாறு அந்த "நிறுத்து" கம்பியில. ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது, கூட்ட நேரத்துல தாங்காது.

9 மார்ச், ஞாயிறு

காலையிலயே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போயி கனெக்டரும் வயரும் வாங்கிட்டு வந்து கேபிள பிரிச்சேன். உள்ள மூணே கம்பி. கம்ப்யூட்டர் பக்கம் கனெக்டர் பின்னுங்கள்ல 7ஐயும் 8ஐயும் சேத்து, 4ஐயும் 6ஐயும் சேத்து பத்த வச்சிருக்காங்க (7, 4 கம்ப்யூட்டர் பேசுறது; 8, 6 அது கேக்குறது). அப்படிச் செஞ்சா கம்ப்யூட்டர் தனக்குத்தானே "ரெடி ரெடி"ன்னு சொல்லிக்கும், பிரிண்டர் கத்துறது அதுக்குக் கேக்கவே கேக்காது. செஞ்சவரு மேல கோவம் வந்துச்சு, சின்ன பில்லு ஓடுனா போதும்னு விட்டுட்டாரு.

பிரிண்டர்ல அந்த "நிறுத்து" சொல்ற 20ஆம் பின்ன மீட்டர் வச்சுப் பாத்தேன், ரெடியா இருந்தா பிளஸ் 11 வோல்ட், ஆன்லைன் பட்டன அமுக்குனா மைனஸ். உயிரோடதான் இருக்கு. புதுசா கம்பி போட்டேன்: எழுத்து போறதுக்கு கம்ப்யூட்டர் 3லருந்து பிரிண்டர் 3, கிரவுண்டு கம்ப்யூட்டர் 5லருந்து பிரிண்டர் 7, "நிறுத்து" சொல்ல பிரிண்டர் 20லருந்து கம்ப்யூட்டர் 6க்கும் 8க்கும். மறுபடி 9600, டாஸ்ல சீரியல் ஸ்பீட சொல்ற மோட் (MODE) கட்டளையில கடைசியா 'பி' (P) இருக்கான்னும் பாத்துக்கிட்டேன், அது இருந்தாதான் பிரிண்டர் பிஸின்னாலும் விடாம காத்திருக்கும்.

14 பக்கம் ஸ்டாக் லிஸ்ட், நடுவுல வேணும்னே ஆஃப்லைன் பண்ணேன், கம்ப்யூட்டர் அப்படியே நின்னுச்சு, திரும்ப ஆன்லைன் பண்ணதும் விட்ட எழுத்துலருந்தே தொடர்ந்துச்சு. மாமா கண்ணாடிய மாட்டிக்கிட்டு வரிவரியா சரி பாத்தாரு. கம்பி படத்த வரைஞ்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பிரிண்டர் மூடிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன், அடுத்து தெறக்குறவங்களுக்கு.