உதகைக் குளிருக்கு ஒரு கம்பளிக் குல்லா

2024 டிசம்பர் 2
உறைபனிக் காலம் நெருங்கிவிட்டதால், விடியற்காலையில் நடக்கப் போகும் சித்தப்பாவுக்கு ஒரு குல்லா பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தேன். "காது மூடணும்மா, ஆனா கண்ணு மேல வந்து இறங்கக் கூடாது" என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. நெற்றியின் நடுவிலிருந்து காதுக்குச் சற்று மேலாகப் பிடரி வரை நாடாவைச் சுற்றி அளந்தேன், 56 செ.மீ. இருந்தது. பின்னல் துணி பக்கவாட்டில் நன்றாக இழுபடும் என்பதால், தலையளவுக்கே பின்னிய குல்லா நாளடைவில் புருவத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே 4 செ.மீ. குறைத்து, 52 செ.மீ. என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 3
10 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள் (ஊசியில் ஏறும் நூல் வளையங்கள்) வருகின்றன என்று பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டுக்கே இன்று முழுவதும் சரியாக இருந்தது. குல்லாவை வட்ட ஊசியில் (இரு ஊசிமுனைகளை வளையும் கம்பியால் இணைத்தது) பின்னும்போது எல்லாச் சுற்றும் நிட் கண்ணியாகவே, அதாவது முன்புறம் வழவழப்பாகத் தெரியும் நேர்க்கண்ணியாகவே வரும். தட்டையாகப் பின்னினாலோ ஒரு வரிசை நிட், மறுவரிசை பர்ல் (நிட்டுக்கு நேர்மாறான, முன்புறம் மேடாகத் தெரியும் கண்ணி) என்று மாறும். பலருக்குப் பர்ல் வரிசை சற்றுத் தளர்வாக விழுவதால், தட்டையாகப் பின்னிய மாதிரி குல்லாவுக்குப் பொய்க்கணக்கையே காட்டும். அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துண்டைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறம் தளர்வாகக் கொண்டுவந்து, மறுபடியும் நிட் கண்ணியே போட்டேன். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 21 கண்ணிகள் வந்தன.

டிசம்பர் 5
மாதிரியைக் கழுவி உலர்த்தியபின் அதே 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்தான் இருக்கின்றன. உயரத்தில் 28 சுற்றுகள். நூல் நனைந்து தளர்ந்ததில் நேர்ந்த இந்த ஒரு கண்ணி வித்தியாசம், முழுக் குல்லாவில் இரண்டு, இரண்டரை செ.மீ. அகலமாகிவிடும். கழுவாத மாதிரியை நம்பிக் கணக்குப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். 52 செ.மீ.க்கு 104 கண்ணிகள்: விளிம்புப் பட்டைக்காக 4ஆலும், உச்சிக்காக 8ஆலும் மீதியின்றி வகுபடுகிறது.

டிசம்பர் 6
விளிம்பு இறுகினால் நெற்றியில் தடம் பதியும் என்பதால், கண்ணிகளைத் தளர்வாகவே ஏற்றினேன். வட்டமாக இணைக்கும் முன், எல்லாக் கண்ணிகளின் அடிப்பக்கமும் உள்நோக்கி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டாலும், சில சுற்றுகள் போனபின் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 3.5 மி.மீ. ஊசியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என 5 செ.மீ. பட்டை முடிந்தது.

டிசம்பர் 9
4 மி.மீ. ஊசிக்கு மாறி, மொத்தம் 14 செ.மீ. உயரம் வரை பின்னினேன்.

டிசம்பர் 10
குல்லாவின் அழகு உச்சியில்தான் இருக்கிறது. மெதுவாகக் குறைத்தால் கூம்பிப்போகும். அவசரமாகக் குறைத்தால் சுருக்குப்பையின் வாய்போலக் கசங்கும். 104 கண்ணிகளை 13 வீதம் எட்டுப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் 11 கண்ணிகளை நிட் போட்டு, கடைசி இரண்டையும் சேர்த்து ஒன்றாக எடுத்தேன். அடுத்த சுற்றில் குறைக்கவில்லை. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டு முறை குறைத்ததில் 40 கண்ணிகள் மிஞ்சின; அதன்பின் நான்கு சுற்றுகளிலும் தொடர்ந்து குறைத்து 8 கண்ணிகளில் நிறுத்தினேன். கண்ணிகள் குறையக் குறைய 40 செ.மீ. வட்ட ஊசியில் அவை எட்டாமல் போனதால், பாதியில் இருமுனை ஊசிகளுக்கு மாற்றி, ஊசிக்கு இரண்டு பங்காக நான்கில் பிரித்துக்கொண்டு, ஐந்தாவதால் பின்னினேன். கடைசி எட்டுக் கண்ணிகளுக்குள் நூலை இருமுறை செலுத்தி இறுக்கி, உட்புறம் முடிந்தேன். சேர்த்தெடுத்த கண்ணிகள் எட்டுக் கோடுகளாக வலப்புறம் சாய்ந்து உச்சியில் கூடுவது, பார்க்கப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

டிசம்பர் 12
கழுவி, ஒரு கிண்ணத்தின் மேல் கவிழ்த்து உலர்த்திய குல்லாவைச் சித்தப்பா இன்று போட்டுப் பார்த்தார். பட்டை காதை மூடிப் புருவத்துக்கு மேலேயே நிற்கிறது; குனிந்து நிமிர்ந்தாலும் நகரவில்லை. அவருடைய பேத்திக்கும் ஒன்று கேட்கிறார். அவள் தலை 50 செ.மீ.; வளரும் பிள்ளை என்பதால் 2 செ.மீ. மட்டும் குறைத்து, 96 கண்ணிகள் ஏற்றப் போகிறேன்.