வைத்துவைத்த வசனங்கள்: ஒரு மாத நாட்குறிப்பு

மார்ச் 2

சபையில் எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா ஒருவர் படுக்கையில் இருக்கிறார். இன்று பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வசனம் சொல்லிட்டுப் போம்மா" என்றார். போனில் சார்ஜ் இல்லை, பைபிளும் கொண்டுபோகவில்லை. வாயைத் திறந்தால் பாதிப் பாதியாகத்தான் வந்தது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கும் என்று தெரிகிறது, எப்படி முடியும் என்று தெரியவில்லை. சின்னதாக ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு கனத்தது.

"உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" என்கிறது சங்கீதம் 119:11. தேவைப்படும்போது எடுக்கத்தானே ஒன்றை வைத்துவைப்போம்? நாளையிலிருந்து, புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய கடிதமான யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம். 27 வசனங்கள், நாளுக்கு ஒன்று.

மார்ச் 4

இரண்டாம் நாளே ஒரு பாடம். இன்றைய வசனம்: "என் சகோதரரே, நீங்கள் பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது," அவ்வளவுதான். காற்புள்ளியில் நிற்கிறது! சோதனையில் அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாம் வசனத்தின் கடைசியில்தான் வருகிறது: "அதை மிகுந்த சந்தோஷமாக எண்ணுங்கள்." நாளுக்கு ஒன்று என்ற என் கணக்கில், சோதனைக்குள் போய் ஒரு ராத்திரி முழுக்க அங்கேயே நிற்க வேண்டியதாகிவிட்டது.

யாக்கோபு எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பார்க்கும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டில் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர், 1551-ல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில். இடம் தேட அந்த எண்கள் பெரிய உதவி. மனப்பாடம் செய்யும்போது மட்டும் எண்ணைத் தாண்டி வாக்கியம் முடியும் வரை போக வேண்டும்.

மார்ச் 9

ஐந்தாம் வசனத்தின் நடுவில் தட்டுகிறது. "சம்பூரணமாய்" எங்கே வரும் என்று மறந்துபோகிறது. கையால் பத்து முறை எழுதினேன்.

மார்ச் 12

காலையில் மத்தேயு 4 வாசித்தேன். பிசாசு மூன்று முறை சோதிக்கிறான், இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார் (8:3, 6:16, 6:13). நாற்பது நாள் உபவாசத்தின் முடிவில், வனாந்தரத்தில், எந்தச் சுருளையும் விரித்துப் பார்க்காமல். இதைப் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இன்று என்னை நிறுத்தியது எதிர்ப்பக்கம். பிசாசும் வசனம் சொல்கிறான்! தேவதூதர்கள் காப்பார்கள் என்கிற சங்கீதம் 91-ஐச் சொல்கிறான், ஆனால் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்பதை விட்டுவிடுகிறான். மேலே இருந்து குதிக்கச் சொல்பவனுக்கு அந்த வரி இடைஞ்சல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் நானும் எத்தனை வசனங்களை வெட்டி வைத்திருக்கிறேன்! "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13-ஐப் பரீட்சைக்கும் வேலைக்கும் சொல்லியே வளர்ந்தேன். அதற்கு முந்தின வசனத்தில், அந்த நிருபத்தை எழுதிய பவுல் பட்டினியைப் பற்றியும் குறைவைப் பற்றியும் பேசுகிறார். எழுதும்போது காவலில், கட்டுகளில் இருக்கிறார். ஒன்றுமில்லாதபோதும் மனரம்மியமாக இருக்கிற பெலன் அது. முன்னும் பின்னும் தெரியாமல் மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. குறைந்தது, முந்தின வசனத்தையாவது சேர்த்துப் படிக்க வேண்டும்.

மார்ச் 15

முதல் வாரம் படித்ததில் பாதி கலங்கிவிட்டது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில்தான் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இடைவெளி விட்டுத் திரும்பச் சொன்னால் நன்றாக நிற்கும். சரி, அப்படியே செய்வோம் என்று அட்டவணை போட உட்கார்ந்தபோது உபாகமம் 6:7 நினைவுக்கு வந்தது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். நான்கு வேளை! வேறு அட்டவணை எனக்குத் தேவைப்படவில்லை.

மார்ச் 21

இன்று 19-ஆம் வசனம். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." காலையில் நான்கு முறை சொன்னேன். மாலையில் மகன் ஏதோ சொல்ல வந்தான், முழுக்கக் கேட்காமலே கத்திவிட்டேன். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வசனம் வந்தது. தாமதமாக. அழுகை வந்தது.

கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அவன் சொல்ல வந்தது நல்ல செய்தி. வசனம் கோபத்தைத் தடுக்கவில்லை, ஆனால் கோபத்தோடு தூங்கப்போக விடவில்லை. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு மறந்துபோகிறவன் என்று இதே அதிகாரம் சொல்லும். அந்த வரிகள் அடுத்த வாரம். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மார்ச் 28

கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன். போன், கண்ணாடி, மோதிரம் எல்லாம் வெளியே. குழாய்க்குள் தலையை அசைக்கக்கூடாது. காதருகே சுத்தியல் அடிப்பதுபோல் சத்தம். யாக்கோபைத் தேடினேன், வரவில்லை. ஏழு வயதில் படித்த சங்கீதம் 23 தானாக வந்தது.

ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, உதடு அசையாமல் சொன்னேன். அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்க்கிறார். அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். அவர், அவர் என்றே போகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." மேய்ச்சலில் அவரைப் பற்றிப் பேசிய தாவீது, பள்ளத்தாக்கில் அவரோடு பேசத் தொடங்கிவிடுகிறான்! எத்தனை வருடமாகச் சொல்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. தாளில் கண் ஓடிவிடும். அங்கே ஓட இடமில்லை. மறுபடி சொன்னபோது நான்காம் வசனத்தில் நானும் அவரிடம்தான் பேசினேன். சத்தம் நிற்கவில்லை. பயம் குறைந்தது.

ஏப்ரல் 3

அக்காவைப் பார்க்கப் போனேன். இந்த முறை அவர் கேட்கவில்லை, நானே சங்கீதம் 23-ஐச் சொல்லத் தொடங்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் வசனத்தில் அவசரப்பட்டு, "நீர் எனக்கு ஒரு பந்தியை ஆயத்தப்படுத்தி" என்று போய்விட்டேன்.

"என் சத்துருக்களுக்கு முன்பாக," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "அதை விட்டுடாதம்மா."

முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம், இரண்டு பேரும் சேர்ந்து.