லீஸ் வைத்த லாக்: டிஎல்ஏ பிளஸ்ஸில் ஓட்டிப் பார்த்தது

இந்த முறை சரிபார்க்க எடுத்துக்கொண்டது லீஸ் வைத்த லாக், அதாவது பொதுவான தரவை ஒரு சமயத்தில் ஒருவரே மாற்றுவதற்காக, குறித்த காலத்துக்கு மட்டும் கொடுக்கும் உரிமை. ஒரு கிளையன்ட் (அந்தத் தரவைப் பயன்படுத்தும் நிரல்) லாக்கை வாங்கும். குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் லீஸ் காலாவதியாகி லாக் அடுத்த கிளையன்ட்டுக்குப் போகும். வடிவமைப்பைத் துல்லியமாக எழுதிச் சரிபார்க்க லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் (TLA+) மொழியில், நிரல் போலவே எழுத உதவும் பிளஸ்கால் (PlusCal) நடையில் எழுதினேன்.

நேரத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். கடைசியில் கடிகாரமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். லீஸ் முடிவது எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடிய ஒரு செயல், அவ்வளவுதான். எந்த நொடியில் முடிந்தாலும் வடிவமைப்பு தாங்க வேண்டும்.

‘லாக் தன்னிடம் இருப்பதாக ஒரே சமயத்தில் இருவர் நினைக்கக் கூடாது’ என்பதை நிபந்தனையாக வைத்து டிஎல்சியை (TLC, நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் தேடி, நிபந்தனை உடைகிறதா என்று பார்க்கும் கருவி) ஓட்டினேன். மூன்றே அடியில் உடைந்தது. கிளையன்ட் அ லாக்கை வாங்குகிறது, லீஸ் முடிகிறது, கிளையன்ட் ஆ வாங்குகிறது. அ எங்கோ நின்றுபோயிருந்தால் லீஸ் முடிந்தது அதற்குத் தெரிய வழியே இல்லை. சரி, கேட்க வேண்டிய நிபந்தனையே வேறு: யார் எழுதியதும் தொலைந்துபோகக் கூடாது.

அதற்கு வழக்கமான தீர்வு டோக்கன். லாக்கைக் கொடுக்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணையும் கொடுக்க வேண்டும். தான் பார்த்த பெரிய எண்ணைவிடச் சிறிய எண்ணோடு வரும் எழுதும் கோரிக்கையை ஸ்டோரேஜ் (தரவு இருக்கும் இடம்) மறுத்துவிடும். இதோடு முடிந்தது என்றுதான் பலரும் விடுவார்கள். டிஎல்சி ஏழு அடியில் ஓர் ஓட்டையைக் காட்டியது:

அ டோக்கன் 1 வாங்குகிறது. மதிப்பைப் படிக்கிறது. லீஸ் முடிகிறது. ஆ டோக்கன் 2 வாங்குகிறது. அதே மதிப்பைப் படிக்கிறது. அ எழுதுகிறது. ஆ அதன் மேல் எழுதுகிறது.

ஆறாவது அடியைப் பாருங்கள். ஆ இதுவரை படிக்க மட்டுமே செய்திருப்பதால் ஸ்டோரேஜுக்கு 2 என்ற எண்ணே தெரியாது, 1-ஐ ஏற்றுக்கொள்கிறது. கையால் எழுதும் டெஸ்டில் இந்த வரிசை யாருக்குத் தோன்றும்? டிஎல்சி அகலவாக்கில் (குறைந்த அடிகள் உள்ள வரிசைகளை முதலில்) தேடுவதால், ஒரே வொர்க்கரில் (தேடும் த்ரெட் ஒன்றே ஒன்று) ஓட்டினால் கிடைப்பது மிகக் குறுகிய வரிசை. தேவையில்லாத அடி ஒன்றுகூட இருக்காது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

படிக்கும்போதும் டோக்கனை அனுப்பி, ஸ்டோரேஜ் அதைக் குறித்துக்கொள்ளும்படி மாற்றினேன். இப்போது உடையவில்லை. டோக்கன் முடிவில்லாமல் ஏறும் என்பதால் 3 வரை என்று வரம்பு வைத்திருக்கிறேன். அந்த வரம்புக்குள் எல்லா நிலைகளையும் பார்த்தாயிற்று என்று சொல்லலாம். பொதுவான நிரூபணம் என்று சொல்ல முடியாது.

அடுத்து, காத்திருக்கும் கிளையன்ட்டுக்கு லாக் என்றாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஃபேர்னஸ் (நடக்க முடிந்த செயல் முடிவில்லாமல் தள்ளிப்போகாது என்ற அனுமானம்) சேர்க்க வேண்டும், சிமெட்ரியை (கிளையன்ட்டுகளின் பெயர் மட்டும் மாறிய நிலைகளை ஒன்றாகவே எண்ணும் வசதி) அணைக்க வேண்டும். சிமெட்ரி இருந்தால் இந்த வகைப் பிழைகள் கண்ணில் படாமல் போகலாம்.