கிளினிக் கொப்பியில் திகதியோடு நேரமும் வேண்டும்

மலையகத்தின் அரச வைத்தியசாலைகளில் கிளினிக் நாளன்று பொழுது விடியுமுன்பே வரிசை தொடங்கிவிடும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுக்கும் தோட்டத்து முதியவர்கள், முதல் பஸ்ஸைப் பிடித்தோ, பஸ் போகாத டிவிசன்களிலிருந்து நாலைந்து பேராகச் சேர்ந்து முச்சக்கரவண்டியிலோ வந்து, இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு வாங்குகளில் அமர்கிறார்கள். அம்மாவைக் கூட்டிச்சென்ற நாட்களில் நானும் அவர்களிடையே அமர்ந்திருக்கிறேன். வைத்தியம் இலவசம்தான். ஆனால் துணைக்கு வரும் மகளுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவும் சம்பளமும், இல்லாமற்போகிறது. கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று.

வைத்தியர்கள் குறைவாகவும் நோயாளர்கள் அதிகமாகவும் இருக்கும்வரை காத்திருப்பு இருக்கவே செய்யும். என்னைப் பொறுத்தவரை, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் இருப்பதே காத்திருப்பதைவிடக் கொடியது. வெறும் வயிற்றில் சீனி பார்ப்பதற்காக முதல் நாள் இரவிலிருந்து எட்டு மணிநேரத்துக்கு மேல் சாப்பிடாமல் வந்தவர், இரத்தம் கொடுத்த பின்னும் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு தேநீர் குடிக்கத் துணிவதில்லை, ஏனெனில் அந்த நேரத்தில் இலக்கம் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். நீரிழிவு நோயாளி இப்படிப் பட்டினி கிடப்பது ஆபத்தானது என்பதை எந்த வைத்தியரும் ஒப்புக்கொள்வார்.

இதற்கான விடை புதியதன்று. பிரித்தானியப் புள்ளியியலாளர் நோர்மன் பெய்லி 1952இலேயே, வெளிநோயாளர் பிரிவில் தொடக்கத்தில் இருவரையும், பின்னர் ஒரு நோயாளியைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவராகவும் வரச்செய்தால், வைத்தியரின் நேரமும் வீணாகாது, கூட்டமும் சேராது என்று கணக்கிட்டுக் காட்டினார். நம் கிளினிக் கொப்பிகளில் அடுத்த திகதியை எப்படியும் எழுதுகிறார்கள். அதன் அருகே எட்டு மணி, பத்து மணி என்று எழுதுவதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை. தூரத்துத் தோட்டத்தவருக்கு அவர்களுடைய பஸ் வந்துசேரும் வேளையைப் பார்த்து நேரம் கொடுப்பது மட்டும் இங்கே கட்டாயம்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் சிங்களத்தில் மட்டும் கூப்பிடும் இடங்களில் நம் முதியவர்கள் அருகிலிருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே இருக்கிறார்கள். இரு மொழியிலும் அழைக்க ஆள் இல்லையென்றால், இலக்கத்தைக் காட்டும் ஒரு பலகை போதும்.

குளிருக்காக யன்னல்களை அடைத்த கூடத்தில் இருமுபவர்களும் ஏனையோரும் நெருக்கியடித்து இருப்பதும் மாற வேண்டும். காசநோய் காற்றில்தான் பரவுகிறது.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் நம் இளைஞர்கள், ஒரு கிளினிக் நாள் முழுவதும் யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வைத்தியரைக் கண்டார் என்பதைக் குறித்துப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தால், நேரம் பிரிக்கும் வேலையை அடுத்த மாதமே தொடங்கலாம்.